ஓர் இணையத்தளம் கையாள எளிதா? பயனர் சோதனையும் நிறையிட்டு முடிவெடுத்தலும்

பிரதேச சபை ஒன்றோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றோ புதிதாக ஓர் இணையத்தளத்தை அமைக்கும்போது, அது நன்றாக அமைந்திருக்கிறதா என்பது பெரும்பாலும் ஒரு கூட்ட அறையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. சுவரில் முகப்புப் பக்கம் காட்டப்படும். நிறத்தைப் பற்றியும், தவிசாளரின் படம் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் பேச்சு நடக்கும். பின்னர் தளம் ஏற்றுக்கொள்ளப்படும். அந்தத் தளத்தின் வழியாகத் தண்ணீர்ப் பவுசர் கேட்க வேண்டிய, வன்னியின் ஒட்டுசுட்டான் குடும்பமொன்று அதைத் தன் கைத்தொலைபேசியில் திறந்து, படிவத்தை நிரப்பி, இறுதிவரை போய்ச் சேர்கிறதா என்பதை எவரும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதற்கான முறை பயனர் சோதனை எனப்படும். அவ்வாறு பார்த்தவற்றைக் கொண்டு, முன்னால் உள்ள இரண்டு மூன்று வடிவங்களுள் எதை ஏற்பது என்று தெரிவுசெய்வதற்குப் பல அளவுகோல்களை நிறையிட்டு, அதாவது எது எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணால் குறித்து, முடிவெடுக்கும் முறைகள் உள்ளன. இரண்டையும் தொடக்க நிலையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரைவிலக்கணம். பயன்பாட்டு எளிமை என்றால் என்ன என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற சர்வதேசத் தரநிலை ஒரு விடையைத் தருகிறது. 1998இல் வெளியாகி 2018இல் திருத்தப்பட்ட அத்தரநிலையின்படி, குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட நோக்கங்களை எவ்வளவு விளைதிறனுடனும் வினைத்திறனுடனும் திருப்தியுடனும் அடைகிறார்கள் என்பதே அதன் அளவு. விளைதிறன் என்பது எடுத்த பணியை முடித்தார்களா என்பது. வினைத்திறன் என்பது அதற்கு எவ்வளவு நேரமும் முயற்சியும் செலவாயின என்பது. திருப்தி என்பது அந்த அனுபவத்தைப் பற்றி அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்பது. இந்த மூன்றையும்விட, அந்த வாக்கியத்தில் மூன்று தடவை வரும் 'குறிப்பிட்ட' என்ற அடையையே நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஆள், சூழல், நோக்கம் ஆகியவற்றைச் சொல்லாமல் ஓர் இணையத்தளம் எளிதானது என்று சொன்னால் அக்கூற்றுக்குப் பொருள் இல்லை.

வன்னியில் இந்த மூன்றும் எப்படி இருக்கின்றன? ஆள் என்று பார்த்தால், படிவத்தை நிரப்புபவரும் அதன் பயனைப் பெறுபவரும் அடிக்கடி வேறு வேறு ஆட்களாக இருக்கிறார்கள். தாய்க்காக மகள் நிரப்புகிறாள். வயதானவருக்காக, போட்டோக் கொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடைப் பிள்ளை நிரப்புகிறார். சூழல் என்று பார்த்தால், மேசைக் கணினியைவிட, ரீலோட் செய்து வாங்கிய டேட்டாவோடு இயங்கும் கைத்தொலைபேசியே முதன்மையானது. அதுவும் வீட்டில் பலர் பகிரும் ஒன்றாக இருக்கலாம். நோக்கமோ பெரும்பாலும் மிக எளியது: அலுவலகத்துக்கு ஒருமுறை பஸ் ஏறாமல் ஒரு காரியத்தை முடித்துக்கொள்வது. காரியம் பாதியில் நின்றால் அந்தப் பயணத்தையும் மேற்கொள்ள வேண்டும், டேட்டாவும் போய்விட்டது. இந்த ஒரு விடயம் பின்னர் நிறையிடும்போது நமக்கு மிகவும் தேவைப்படும்.

சோதனையில் என்ன நடக்கிறது?

பயனர் சோதனையின் அடிப்படை மிகச் சாதாரணமானது. தளத்தை உண்மையில் பயன்படுத்தக்கூடிய ஒருவரை அழைத்து, ஒரு பணியைக் கொடுத்து, உதவி செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது. பார்ப்பவர் குறிப்பெடுப்பார், எந்த இடத்தில் கை தயங்கியது, எதைத் தொட்டபின் திரும்பி வந்தார், எங்கே கைவிட்டார் என்பன குறிக்கப்படும். இதிலுள்ள கடினம் முழுவதும் 'உதவி செய்யாமல்' என்ற சொல்லில் இருக்கிறது. எதிரே இருப்பவர் தடுமாறும்போது "கீழே இருக்கிற பச்சைப் பொத்தானை அமத்துங்கோ அம்மா" என்று சொல்லாமல் இருப்பது நம்மவர்களுக்கு இயல்பாக வருவதில்லை. ஆனால் சொன்ன கணத்திலேயே அந்தப் பணி சோதனையின் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

பணியை எழுதுவதிலும் கவனம் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். வன்னியிலுள்ள ஒரு கற்பனைப் பிரதேச சபை தனது தளத்துக்கு மூன்று மாதிரி வடிவங்களைத் தயாரித்திருக்கிறது. அவற்றை அ, ஆ, இ என்போம். "சேவைகள் பகுதிக்குச் சென்று நீர் விநியோக விண்ணப்பத்தைச் சமர்ப்பியுங்கள்" என்று பணியைக் கொடுத்தால், தளத்திலுள்ள சொற்களையே நாம் காதில் போட்டுவிடுகிறோம்; அவர் அந்தச் சொற்களைத் தேடிப் பிடித்துவிடுவார். "வீட்டுக் கிணறு வற்றிவிட்டது, வரும் சனிக்கிழமை நினைவுநாள் நிகழ்வு இருக்கிறது, சபையிடம் தண்ணீர் கேளுங்கள்" என்று கொடுத்தால், சிக்கலை அவர் தன் சொற்களால் யோசித்துத் தளத்தில் தேட வேண்டிவரும். நல்ல பணி என்பது ஒரு நிலைமையைச் சொல்லும், வழியைச் சொல்லாது. இதே முறையில் ஆதன வரி நிலுவையைப் பார்த்தல், தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிடுதல் ஆகிய இரண்டையும் சேர்த்து மூன்று பணிகளாக வைத்துக்கொள்வோம்.

பங்கேற்பவர் செய்வதை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. அதனால், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பணியைச் செய்யுமாறு கேட்கும் முறை உருவானது. உளவியலில் எரிக்சனும் சைமனும் ஆராய்ந்த இம்முறையை, 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய கிளேட்டன் லூயிஸ் இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்தார். நமது கிராமங்களில் ஒருவர் தனியே இருந்து தனக்குத்தானே பேசுவது கூச்சத்தைத் தரும் காரியம். எனவே இருவரை ஒரே தொலைபேசியின் முன் இருத்தி, தாயும் மகளுமாகவோ அயல்வீட்டார் இருவராகவோ சேர்ந்து செய்யவிடுவது நல்லது. "இதில என்னத்தைக் கேக்கிறான்?" "பேரைத்தான் கேக்கிறான், ஆனா ரெண்டு பெட்டி இருக்கு" என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதே நமக்கு வேண்டிய தரவு. வீட்டிலும் அவர்கள் அப்படித்தான் நிரப்புகிறார்கள் என்பதால் இந்த ஏற்பாடு சூழலுக்கும் பொருந்துகிறது.

அந்த இரண்டு பெட்டிகள் உண்மையான சிக்கல். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்துக் கேட்கும் படிவத்தில், தகப்பன் பெயரை முன்னால் வைத்து எழுதும் ஒருவர் எதை எங்கே இடுவது? அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்கள். ஒன்றை மட்டும் ஏற்கும் படிவம் மற்றவரைக் காரணம் சொல்லாமலே வெளியே நிறுத்திவிடும். முகவரியில் வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கட்டாயம் என்றால், குளத்தின் பெயராலும் வாய்க்காலின் எண்ணாலும் தம் இடத்தை அடையாளம் சொல்லும் குடியேற்றத் திட்டக் குடும்பங்கள் என்ன எழுதும்? ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) குறுஞ்செய்தியாக வரும்போது அதைப் பார்க்கப் போய்த் திரும்பினால் நிரப்பிய படிவம் வெறுமையாகிவிடும் தளங்களும் இருக்கின்றன. கொழும்பிலோ வேறெங்கோ இருந்து தளத்தை வடிவமைப்பவர் இவற்றை ஊகித்தறிவது அரிது. ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் அரை நாள் இருந்து பார்த்தால் இவை தாமாகவே வெளிப்படும்.

எத்தனை பேர்?

இத்துறையில் மிக அதிகமாகச் சொல்லப்படும் எண் ஐந்து. ஜேக்கப் நீல்சனும் தோமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பயனரைச் சோதித்தால் தளத்திலுள்ள சிக்கல்களுள் சராசரியாக 31 சதவீதம் வெளிப்படுவதாகக் கண்டார்கள். அப்படியானால் ஒரு சிக்கல் ஒருவர் கண்ணில் படாமல் தப்புவதற்கான வாய்ப்பு 0.69, ஐந்து பேரிடமும் தப்புவதற்கான வாய்ப்பு 0.69ஐ ஐந்து தடவை பெருக்கினால் வரும் 0.16. எனவே ஐந்து பேர் ஏறத்தாழ 85 சதவீதமான சிக்கல்களைக் காட்டிவிடுவார்கள் என்ற கணக்கு பிறந்தது. நீல்சனின் அறிவுரை இன்னும் ஒரு படி மேலே போகிறது: பதினைந்து பேரை ஒரே தடவையில் சோதிப்பதைவிட, ஐவரைச் சோதித்து, திருத்தி, மறுபடி ஐவரைச் சோதிப்பது மேல்.

ஆனால் 31 சதவீதம் என்பது ஒரு சராசரி. பத்துப் பேரில் ஒருவரை மட்டும் தடுக்கும் ஒரு சிக்கலை ஐவர் சோதனை கண்டுபிடிக்கும் வாய்ப்பு 41 சதவீதமே. அதைவிட முக்கியமான நிபந்தனை, அந்த ஐவரும் ஒரே வகையான பயனர்களாக இருக்க வேண்டும் என்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்; மூன்று பானைகளுக்கு அன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீட மாணவர் ஐவரைப் பிடித்துச் சோதிப்பது எளிது, ஆனால் அவர்கள் தடையின்றிக் கடந்துபோகும் படிவத்தில் துணுக்காய் விவசாயி ஒருவர் நின்றுவிடலாம். வகைக்கு மூன்று நான்கு பேராகவேனும் எடுக்க வேண்டும்: தாமே தொலைபேசியைக் கையாளும் இளையோர், பிறர் துணையோடு நிரப்பும் முதியோர், மற்றவர்களுக்காக நாளெல்லாம் நிரப்பும் கொமினிகேஷன் கடைக்காரர். மூன்றாவது வகையினரை வெளியாட்கள் மறந்துவிடுவார்கள். என் கணிப்பில், அரச படிவங்களைப் பொறுத்தவரை வன்னியில் மிக அனுபவமுள்ள பயனர்கள் அவர்களே.

சிக்கலைக் கண்டுபிடிப்பதற்கும் வடிவங்களை ஒப்பிடுவதற்கும் தேவைப்படும் எண்ணிக்கைகள் வேறு. ஒப்பிடுவதற்கு ஐந்து போதாது. அந்த வேறுபாட்டைக் கீழே எண்களோடு பார்க்கலாம்.

ஆட்களை அழைக்கும் காலமும் இடமும் விளைவைப் பாதிக்கும். காலபோக அறுவடை நடக்கும் வாரங்களில் அழைத்தால், வயலில் வேலை இல்லாதவர்கள் மட்டுமே வருவார்கள். பிரதேச செயலகத்துக்குள் வைத்துச் சோதித்தால், அதிகாரிகள் முன்னிலையில் குறை சொல்ல எவரும் விரும்பமாட்டார்கள். இதற்கு மேல் நமது பகுதிக்கே உரிய ஒரு விடயம் இருக்கிறது. 2009க்குப் பின்னர் மீள்குடியேறிய குடும்பங்கள் கணக்கெடுப்பு, தேவை மதிப்பீடு, கருத்தறிதல் என்று பல படிவங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்; குறிப்பேட்டோடு வருபவரின் முன்னால் சொல்லும் பதிலோடு ஏதோ ஓர் உதவி தொடர்புபட்டிருக்கலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழும். ஆகவே தொடங்குமுன் தெளிவாகச் சொல்ல வேண்டியவை உண்டு: சோதிக்கப்படுவது தளமே, அவர் அல்லர், இதனால் எந்த உதவியும் கிடைக்காது, எதுவும் நிற்கவும் மாட்டாது, விரும்பிய நேரத்தில் எழுந்து போகலாம். உண்மையான அடையாள அட்டை எண்ணைப் பெற வேண்டிய தேவை எதுவுமில்லை. கற்பனை எண் ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

என்னென்ன அளப்பது?

விளைதிறனை அளக்க, முயற்சிகளுள் எத்தனை முடிந்தன என்று எண்ணினால் போதும். எது 'முடிந்தது' என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். விண்ணப்பம் அனுப்பப்பட்டுப் பதிவிலக்கம் திரையில் வந்தால்தான் முடிந்ததா, அனுப்பும் பொத்தானைத் தொட்டாலே போதுமா என்பதைச் சோதனைக்குப் பிறகு தீர்மானித்தால் மனம் விரும்பிய பக்கம் சாயும்.

நேரத்தைக் கடிகாரம் தரும். ஒருவர் மிக நீண்ட நேரம் எடுத்தால் சாதாரண இடைப் பெறுமானம் அவர் பக்கம் இழுபடும் என்பதால், சிறு மாதிரிகளுக்கு இடையமோ (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) பெருக்கலிடையோ (எண்களைக் கூட்டாமல் பெருக்கி எடுக்கும் சராசரி) பொருத்தமானது.

திருப்திக்கு உலகெங்கும் பயன்படும் வினாக்கொத்து எஸ்.யூ.எஸ். (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) எனப்படுவது. பிரித்தானியாவில் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கோப்பரேஷன் நிறுவனத்தில் ஜோன் புரூக் 1986இல் இதை உருவாக்கினார். 1996இல் அது நூலொன்றின் அத்தியாயமாக வெளிவந்தது. பத்துக் கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 'முற்றாக மறுக்கிறேன்' என்பதற்கு 1 முதல் 'முற்றாக ஏற்கிறேன்' என்பதற்கு 5 வரை புள்ளி. ஒற்றை எண் கூற்றுகள் தளத்துக்குச் சாதகமானவை, இரட்டை எண் கூற்றுகள் பாதகமானவை. ஒற்றையில் பெற்ற புள்ளியிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். இரட்டையில் 5இலிருந்து பெற்ற புள்ளியைக் கழிக்க வேண்டும். பத்தையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் வரும். இது சதவீதம் அன்று. பல நூறு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் சராசரி 68 அளவில் நிற்கிறது. ஆகவே 60 பெற்ற தளம் 'அறுபது வீதம் நல்லது' என்று மகிழ இடமில்லை, அது சராசரிக்குக் கீழே.

இந்த வினாக்கொத்தை வாய்மொழியாக வாசித்துப் பதில் வாங்கும்போது, சாதகமும் பாதகமும் மாறி மாறி வருவதால் முதியோர் குழம்பிப்போவது எளிது; வந்தவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக எல்லாவற்றுக்கும் 'ஓம், நல்லம்' என்பவரும் உண்டு. அப்படிச் சொன்னவர் பாதகமான கூற்றையும் ஏற்றுக்கொள்வதால் அவருடைய மொத்தம் நடுவில் போய் நிற்கும். எனவே திருப்திப் புள்ளியை நான் மூன்று அளவுகளுள் மிக எச்சரிக்கையாகக் கையாள வேண்டியதாகவே கொள்கிறேன்.

எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது

நமது கற்பனைச் சபைக்குத் திரும்புவோம். ஒவ்வொரு வடிவத்தையும் வெவ்வேறு பத்துப் பேர் சோதித்தார்கள், ஒருவருக்கு மூன்று பணிகள், ஆக வடிவத்துக்கு 30 முயற்சிகள் என்று கொள்வோம். பின்வரும் எண்கள் யாவும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. அ வடிவத்தில் 27 முயற்சிகள் முடிந்தன, அதாவது 90 சதவீதம்; இடைய நேரம் 240 செக்கன்; எஸ்.யூ.எஸ். 70. ஆ வடிவத்தில் 70 சதவீதம் முடிந்தது, நேரம் 150 செக்கன், எஸ்.யூ.எஸ். 85. இ வடிவம் இடையில் நிற்கிறது: 80 சதவீதம், 180 செக்கன், 75.

எதைத் தெரிவுசெய்வது? முடித்தவர்களைப் பார்த்தால் அ. வேகத்தையும் திருப்தியையும் பார்த்தால் ஆ. கூட்டத்தில் குரல் உயர்ந்தவர் விரும்பிய எண்ணைச் சொல்லி வென்றுவிடுவார். முடிவெடுக்கும் முறை ஒன்று தேவைப்படுவது இந்த இடத்திலேதான். அது செய்வது இவ்வளவுதான்: எந்த அளவுகோல் எவ்வளவு முக்கியம் என்பதை வெளிப்படையாக எண்ணாக எழுதச் செய்கிறது, பின்னர் எண்களைச் சேர்க்கிறது.

நிறைகளைப் பெறுவதற்குப் பெயர்பெற்ற வழி, தோமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை. மூன்று அளவுகோல்களுக்கும் ஒரேயடியாக நிறை கேட்டால் எவருக்கும் சொல்வது கடினம்; இரண்டிரண்டாக ஒப்பிடச் சொன்னால் எளிது. 1 என்றால் இரண்டும் சமம், 3 என்றால் ஒன்று ஓரளவு முக்கியம், 5 என்றால் மிக முக்கியம், 9 என்றால் ஒப்பிடவே முடியாத அளவுக்கு முக்கியம். எங்கள் எடுத்துக்காட்டில், பணியை முடித்தல் நேரத்தைவிட 3 மடங்கு, திருப்தியைவிட 5 மடங்கு, நேரம் திருப்தியைவிட 2 மடங்கு முக்கியம் என்று கூடியிருந்தோர் தீர்மானித்ததாகக் கொள்வோம். இவற்றை மூன்றுக்கு மூன்று அட்டவணையில் இட வேண்டும்: முதல் நிரை 1, 3, 5, இரண்டாவது 1/3, 1, 2, மூன்றாவது 1/5, 1/2, 1. ஒவ்வொரு நிரலிலும் உள்ள எண்களை அந்த நிரலின் மொத்தத்தால் வகுத்து, பின்னர் ஒவ்வொரு நிரையின் சராசரியை எடுத்தால் நிறைகள் கிடைக்கும்: முடித்தல் 0.648, நேரம் 0.230, திருப்தி 0.122.

இம்முறையின் இன்னொரு நன்மை, சொன்ன ஒப்பீடுகள் தமக்குள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. முடித்தல் நேரத்தைப்போல் 3 மடங்கு, நேரம் திருப்தியைப்போல் 2 மடங்கு என்றால், முடித்தல் திருப்தியைப்போல் 6 மடங்காக இருக்க வேண்டும். நமது கூட்டத்தினர் 5 என்றார்கள். இச்சிறு முரண் பொறுத்துக்கொள்ளத்தக்கது. சாட்டியின் முரண்பாட்டு விகிதம் 0.1ஐத் தாண்டினால்தான் ஒப்பீடுகளை மீளப் பார்க்க வேண்டும், இங்கே அது 0.01ஐயும் எட்டவில்லை.

இனி ஒவ்வொரு வடிவத்தின் பெறுபேற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கூடினால் நல்லது என்னும் அளவுகளில் பெறுமானத்தை மிகச் சிறந்த பெறுமானத்தால் வகுக்கலாம். நேரம்போலக் குறைந்தால் நல்லது என்பவற்றில் மிகக் குறைந்ததை அந்தப் பெறுமானத்தால் வகுக்கலாம். அ வடிவத்துக்கு முடித்தல் 1, நேரம் 150/240 அதாவது 0.625, திருப்தி 70/85 அதாவது 0.82. நிறைகளால் பெருக்கிக் கூட்டினால் அ 0.89, இ 0.88, ஆ 0.86. அ முன்னிற்கிறது.

மூன்று அளவுகோல்களுக்கும் சம நிறை கொடுத்திருந்தால்? ஆ 0.93, இ 0.87, அ 0.82. வரிசை முற்றாகத் தலைகீழாகிவிட்டது. தரவு ஒன்றே, சோதனை ஒன்றே. நிறைகள் மட்டுமே மாறின. நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவதும் இதுதான்: இறுதியில் வரும் எண் பயனர் சோதனையிலிருந்து மட்டும் வருவதில்லை, யாருடைய நட்டம் பெரிதென்று நாம் கொண்டோம் என்பதிலிருந்தும் வருகிறது. சம நிறை என்பது பக்கஞ்சாராத தெரிவு போலத் தோன்றும். உண்மையில் அது, பாதியில் கைவிட்டு பஸ் ஏறிய ஒருவரின் நட்டத்தையும் ஒன்றரை நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தவரின் நட்டத்தையும் ஒன்றாக எண்ணும் ஒரு தீர்ப்பு.

ஆகவே நிறைகளை யார் சொல்வது, எப்போது சொல்வது என்ற இரண்டும் கணக்கைவிட முக்கியமானவை. சபையின் உத்தியோகத்தர்களும், முன்மேசையில் இருப்பவரும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு போன்றவற்றிலிருந்து வருபவர்களும் தனித்தனியே ஒப்பீடுகளைச் செய்ய வேண்டும். ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் அவர்கள் சொன்ன எண்களின் பெருக்கலிடையை எடுத்து ஒன்றாக்கலாம். இது சோதனை தொடங்குமுன்பே முடிந்திருக்க வேண்டும். பெறுபேறுகளைப் பார்த்தபின் நிறையிட்டால், ஏற்கெனவே விரும்பிய வடிவம் வெல்லும்படி நிறைகள் வளைந்துகொடுக்கும். அதைச் செய்பவர் வேண்டுமென்று செய்யாமலும் இருக்கலாம்.

பின்னர் நிறைகளைச் சற்று அசைத்துப் பார்க்க வேண்டும். நேரத்துக்கும் திருப்திக்கும் இடையிலான விகிதத்தை அப்படியே வைத்து முடித்தலின் நிறையைக் குறைத்துக்கொண்டே வந்தால், 0.58 அளவில் மூன்று வடிவங்களும் 0.87இல் வந்து கூடுகின்றன. அதற்குக் கீழே ஆ முந்துகிறது. 0.65க்கும் 0.58க்கும் இடையே தூரம் அதிகமில்லை. மேலும் அ வடிவத்தில் முடிந்த 27க்கும் இ வடிவத்தில் முடிந்த 24க்கும் உள்ள வித்தியாசம் மூன்றே மூன்று முயற்சிகள். பத்துப் பேர் கொண்ட குழுவில் அது தற்செயலாகவும் வரலாம். எனவே அ, இ இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்தத் தரவு போதாது என்று எழுதுவதே நேர்மையான அறிக்கை.

இன்னொரு நுட்பமான கண்ணி ஆ வடிவத்தின் வேகத்தில் இருக்கிறது. நேரம் பெரும்பாலும் முடிந்த முயற்சிகளுக்கே கணக்கிடப்படும். ஆ வடிவத்தில் 9 முயற்சிகள் முடியவில்லை. மெதுவாகச் செய்பவர்களே அதிகமாகக் கைவிட்டிருந்தால், எஞ்சியோர் வேகமானவர்கள், ஆகவே 150 செக்கன் என்பது வடிவமைப்பின் திறமையன்று, வடிகட்டலின் விளைவு. அ வடிவம் அதே மெதுவானவர்களையும் இறுதிவரை கொண்டுவந்ததாலேயே 240 செக்கனாகியிருக்கலாம். இதைச் சரிபார்க்க, கைவிட்டவர்கள் யார், கைவிடும்வரை எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் எண்களை மட்டும் கணிப்புத் தாளில் இட்டால், தோல்வியே வேகம் என்ற பெயரில் புள்ளி பெற்றுவிடும்.

நிறையிடக்கூடாத அளவுகோல்களும் உண்டு. நிறையிட்டுக் கூட்டும் முறையில் ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகுதி ஈடுசெய்துவிடும். தமிழ்ப் பக்கம் பாதியில் ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ மாறிவிடும் ஒரு தளத்தை, அது வேகமானது என்பதற்காக ஏற்க முடியுமா? பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய உள்ளடக்கம் கைத்தொலைபேசியில் பொருளற்ற எழுத்துகளாகத் தெரிந்தால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பொத்தான்களை வாசிக்காவிட்டால், முதற் பக்கம் திறக்கவே பெருமளவு டேட்டா போனால், அவ்வடிவம் ஒப்பீட்டுக்குள் வரவே கூடாது. இவை வாயிற்படி நிபந்தனைகள். கடந்தவையே கணக்குக்குள் வரும். அணுகல் தொடர்பான நிபந்தனைகளுக்கு உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிடும் வழிகாட்டுநெறிகளின் 2.2ஆம் பதிப்பு, 2023இல் வந்தது, நல்ல தொடக்கம்.

படிநிலைப் பகுப்பாய்வைத் தவிர வேறு முறைகளும் இருக்கின்றன. ஹுவாங், யூன் ஆகியோர் 1981இல் முன்வைத்த டொப்சிஸ், எல்லா அளவுகளிலும் மிகச் சிறந்த கற்பனை வடிவம் ஒன்றுக்கு எது மிக அருகில், மிக மோசமானதிலிருந்து எது மிகத் தொலைவில் என்று பார்க்கும். தொடங்குபவர் முறைகளின் பெயர்களில் அதிகம் மயங்க வேண்டியதில்லை; மூன்று வடிவங்களும் மூன்று அளவுகோல்களும் உள்ள இடத்தில் காகிதமும் பேனையும் போதும். நாலாவதாக ஒரு வடிவத்தைப் பின்னர் சேர்த்தால், ஏற்கெனவே இருந்தவற்றின் வரிசையே மாறக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இத்தகைய முறைகள்மீது நீண்ட காலமாக உள்ள விமர்சனம் அது.

வரிசை கிடைத்ததும் அ வடிவத்தை அப்படியே வெளியிட வேண்டும் என்பதில்லை. கையில் இருக்கும் மிகப் பெறுமதியான பொருள் 0.89 அன்று, சோதனையின்போது எடுத்த குறிப்புகளே. அ வடிவத்தில் 240 செக்கன் எங்கே போயிற்று? பெயர்ப் பெட்டிகளிலா, முகவரியிலா, கடவு எண்ணுக்குக் காத்திருந்ததிலா? ஒவ்வொரு சிக்கலும் எத்தனை பேரைத் தாக்கியது, தாக்கப்பட்டவரை எவ்வளவு தூரம் தடுத்தது, ஒருமுறை கற்றுக்கொண்டபின் மறைகிறதா அல்லது ஒவ்வொரு தடவையும் வருகிறதா என்று பார்த்து, 0 முதல் 4 வரை கடுமை குறிக்கலாம். நீல்சன் பரிந்துரைத்த அளவு அது. 4 பெற்றவை முதலில் திருத்தப்பட வேண்டும். ஆ வடிவத்தில் அனைவருக்கும் பிடித்திருந்த ஒரு பகுதி, எடுத்துக்காட்டாக ஒரு திரைக்கு ஒரே கேள்வி என்ற அமைப்பு, அ வடிவத்தின் முகவரிப் பகுதிக்கு மாற்றக்கூடியதாகவும் இருக்கலாம். மாற்றியபின் புதிய ஐவரை, முதலாவது சுற்றில் அதிகம் தடுமாறிய வகையினரிலிருந்து அழைத்து, பவுசர் கேட்கும் அந்த ஒரு பணியை மறுபடியும் கொடுத்துப் பார்க்க வேண்டும். வறட்சி தொடங்கி விண்ணப்பங்கள் குவியுமுன் இதைச் செய்துவிட்டால் திருத்துவதற்கு அவகாசம் இருக்கும்.